ஜிக்குக்குச் சாக்பீஸ், எனக்கு மெமோ

போன வாரம் தேவி போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் ஸ்ப்ரே கேட்கிறீர்களாம். ஜிக்கில் ஈயம் ஒட்டிக்கொள்கிறது, சாக்பீஸ் பூசிப் பூசிக் கை வலிக்கிறது, மற்ற இடங்களில் எல்லாம் ஒரு தடவை ஸ்ப்ரே அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் இந்தப் பள்ளிக்கூட வேலை என்று கேட்கிறீர்களாம்.

"நான் சொன்னா சிரிக்குதுங்கக்கா. நீயே எழுதி அனுப்பு, நான் படிச்சுக் காட்றேன்" என்றாள்.

எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியவள் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயத்தில் மட்டும் ஒரு அடி பின்வாங்க மாட்டேன்.

என் பெயர் எஸ்தர். வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்கரைப் பக்கம். தாம்பரத்தில் நம் யூனிட்டின் சால்டரிங் லைனில் முப்பத்து நான்கு வருஷம் ஈயம் வைத்தேன். இப்போது வருவது பழைய ஈயம் இல்லை, வேறு கலவை என்று தெரியும். இருந்தாலும் நாங்கள் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கர்த்தர் கிருபையால் இன்றைக்கும் கண்ணாடி போட்டால் ஊசி கோர்க்கிறேன்.

ஈயத்துக்கு ஒரு குணம் உண்டு. சுத்தமான உலோகத்தைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். அழுக்கைக் கண்டால் உருண்டு விலகும். நமக்கோ ஒரே மேசையில் இரண்டும் வேண்டும். ஜிக் என்பது பாகத்தை அசையாமல் பிடித்திருக்கும் கட்டைதானே? பாகத்தில் ஈயம் ஒட்ட வேண்டும், அரை மில்லிமீட்டர் தள்ளி ஜிக்கில் ஒட்டக் கூடாது. நம்முடைய பாடெல்லாம் அந்த அரை மில்லிமீட்டரில்தான்.

முதலில் நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த முதல் வருஷம். அப்போது காலிங் பெல்லுக்கு போர்டு செய்துகொண்டிருந்தோம். ஜிக் பழசு. நாலு போர்டுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் போர்டின் ஓரம் தெறித்துவிடும். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் புது தோசைக்கல். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்திருந்தேன். கல்லுக்குச் சரிப்பட்டது ஜிக்குக்குச் சரிப்படாதா? மறுநாள் சாப்பாட்டு டப்பாவில் பாதி வெங்காயமும், சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் கொண்டுபோனேன்.

சூடான ஜிக்கில் தேய்த்ததும் லைன் முழுக்க வாசனை. "யாரும்மா அங்க தாளிக்கிறது?" என்று ஸ்டோரிலிருந்து குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் போர்டு ஒவ்வொன்றும் பூப்போல எழும்பி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஈயம் மங்கலாக உட்கார ஆரம்பித்தது. சில இடத்தில் உருண்டு நின்றது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் மறுபடி சூடு காட்டிச் சரிசெய்தேன். இழுத்துப் பார்த்தேன், வயர் வரவில்லை. தட்டோடு போகும் கார்டில் என் சீலைக் குத்தினேன். உங்களுக்குத் தெரியும், கடைசியாகப் பார்த்துச் சரி சொல்பவருக்கு ஒரு ரப்பர் சீல், அதில் அவர் எண். சீல் இல்லாத கார்டு கேட்டைத் தாண்டாது. என் எண் பதினேழு.

ஒரு மழைக்காலம் போனது, ஒரு வெயில்காலம் போனது. ஒரு சாக்கு மூட்டையில் அந்த போர்டுகள் திரும்பி வந்தன. பெல் அடிக்கவில்லை என்று. ரிப்பேர் பகுதியில் காரணம் கண்டுபிடிக்க முடியாமல், வயர் மோசம் என்று எழுதி மூடிவிட்டார்கள். எனக்குத் தெரியும், வயர் மோசமில்லை என்று. அன்றைக்கு வீட்டில் பாத்திரம் துலக்கும்போது பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகாத தட்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நன்றாகத் துலக்கிய தட்டில் அகலமாகப் பரவி ஓடியது. ஈயமும் தண்ணீர் மாதிரிதானே! ஜிக்கில் தடவிய எண்ணெய் ஜிக்கோடு நிற்கவில்லை. என் விரலில் ஏறி, விரலிலிருந்து போர்டுக்குப் போயிருக்கிறது. மேலே ஒட்டின மாதிரி தெரிந்தது, அடியில் ஒட்டவில்லை.

கர்த்தரிடம் அழுது சொன்னேன். மேனேஜரிடம் சொல்லவில்லை. ஆள் மாற்றிக் கேட்ட மன்னிப்பு அது.

அதற்குப் பிறகுதான் சாக்பீஸுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை இடித்து, தண்ணீரில் தோசை மாவுக்கும் தண்ணியாகக் கரைத்து, சின்ன பிரஷ்ஷில் தொட்டு, ஈயம் படக் கூடாத இடத்தில் மட்டும் பூசி, சூட்டில் காயவிடுவது. காய்ந்ததும் ஊதிவிட வேண்டும். முப்பது பீஸுக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். சலிப்பான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். பென்சில் கரியும் பயன்படும், ஆனால் கரியில் மின்சாரம் ஓடும், அதனால் வயர் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். சாக்பீஸை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், வைத்த இடத்தில் இருக்கும், நகராது. தப்பித்தவறி விழுந்தாலும் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும், துடைத்தால் போய்விடும்.

தேவி லைனுக்கு வந்த முதல் நாள் நான் சாக்பீஸ் இடிப்பதைப் பார்த்து, "இன்னாக்கா, கோலம் போடப் போறியா, பாடம் நடத்தப் போறியா?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு டீச்சர் என்று பெயர். தேவி பள்ளிக்கரணைக்காரி. வாய் கொஞ்சம் அதிகம். கை அதைவிடச் சுத்தம். இருபத்தொன்றாம் எண் சீல் அவளுடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளைச் சூட்டில் வைத்திருக்கும் வார்மர் எந்திரத்துக்கு, உடம்புச் சூட்டை அளக்கும் ப்ரோப் செய்யும் வேலை நமக்கு வந்தது. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். பட்டாணி அளவில் ஒரு தலை, இரண்டு பித்தளைக் கால், காலுக்கு ஒரு வயர். குழந்தையின் தோலில் ஒட்டிவைப்பார்கள். அந்த வயர் காலில் சரியாக ஒட்டாமல் தளர்ந்தால் என்ன ஆகும்? குழந்தை குளிர்ந்துகொண்டிருக்கிறது என்று எந்திரம் தப்பாக நினைத்துக்கொள்ளும். இன்னும் சூடேற்றும். குழந்தையால் சொல்ல முடியாது. காலிங் பெல் அடிக்காவிட்டால் வந்தவர் கதவைத் தட்டுவார். இங்கே தட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

புது ஜிக் பளபளவென்று வந்தது. பார்க்க அழகு, ஆனால் பாகத்தைப் பிடிக்கும் பின்னுக்கெல்லாம் முலாம் பூசியிருந்தார்கள். முலாத்தைக் கண்டதும் ஈயம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. ஸ்டெயின்லெஸ் பின் போட்டுத் தாருங்கள், அதுவரை சாக்பீஸ் பூசி ஓட்டுகிறோம் என்றேன். மேனேஜர் புதியவர். சின்ன வயது, படித்தவர், வேகமானவர். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

"எஸ்தரம்மா, முப்பது பீஸுக்கு ஒரு தடவை நிறுத்தி வெள்ளையடிச்சிட்டு இருந்தா வெள்ளிக்கிழமை லாட் எப்படிப் போகும்? ஃபர்ஸ்ட் ஆர்டர் இது. லேட்டானா அடுத்தது வராது" என்றார். திங்கட்கிழமை ஒரு பெட்டி ஸ்ப்ரே வாங்கிவந்து வைத்தார். சிலிக்கான் ஸ்ப்ரே.

உண்மையைச் சொல்ல வேண்டும். அருமையாக வேலை செய்தது. புஸ்ஸென்று ஒரு தடவை அடித்தால் நூறு பீஸ் இட்லித் தட்டில் இருந்து இட்லி வருவதுபோல் வந்தது. லைனே கொண்டாடியது. தேவி அந்த டப்பாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். "டீச்சருக்கு இனிமே லீவு வுட்டாச்சு" என்றாள். நானும் அடித்தேன். அடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

புதன்கிழமை காலை டீ நேரம். தேவியின் ஸ்டிக்கர் பொட்டு கீழே விழுந்தது. எடுத்து ஒட்டினாள், விழுந்தது. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் புதுப் பொட்டு ஒன்றை உரித்து வைத்தாள். அதுவும் நழுவி டீக்குள் விழுந்தது.

"இன்னாடா இது பேஜாரா கீது! காலைலேர்ந்து நாலு பொட்டு போச்சு. என் நெத்தி மேல பொட்டுக்கு இன்னா கோவமோ!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வருஷத்து வெங்காய வாசனை மூக்கில் வந்தது.

"தேவி, கையக் காட்டு" என்றேன். விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு. என் கையும் அப்படியே. டீ டம்ளரை வைத்துவிட்டு மேசைக்குப் போனேன். இன்னும் ஜிக்குக்கே போகாத பாகங்கள் ஒரு தட்டில் இருந்தன. தண்ணீர் பாட்டிலில் இருந்து பித்தளைக் காலில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு பரவவில்லை. முத்தாக நின்றது. இன்னொன்று, அதுவும் முத்து. ஸ்டோருக்குப் போய்ப் பிரிக்காத பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துவந்து அதில் விட்டேன். உடனே படர்ந்தது.

ஸ்ப்ரே ஜிக்கில் மட்டும் இல்லை. காற்றில் பறந்து, மேசையில் படிந்து, கையுறையில் ஏறி, எங்கள் நெற்றி வரைக்கும் வந்துவிட்டது. மூன்று நாளாக நாங்கள் தொட்ட ஒவ்வொரு பாகத்திலும் அது இருக்கிறது. நான் சீல் குத்த வேண்டிய கார்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முதல் கார்டுக்காகச் சீலை மையில் தோய்த்தும் வைத்திருந்தேன். அப்படியே கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், இந்த லாட்டுக்கு நான் சீல் குத்த மாட்டேன்."

அவர் கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னம்மா பிரச்சினை?"

சொன்னேன். பொட்டையும் சொன்னேன், தண்ணீர்ச் சொட்டையும் சொன்னேன். பொட்டு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து லைனுக்கு வந்தார். பத்து ப்ரோப்பை எடுத்துப் போடச் சொன்னார். "இழுத்துப் பாருங்க. அதுதானே டெஸ்ட்?"

மூக்குக் குறடால் ஒவ்வொன்றாக இழுத்தேன். முதல் வயர் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. பத்தும் வரவில்லை. லைனில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவதை இழுக்கும்போது என் முகம் சூடேறுவது எனக்கே தெரிந்தது.

"பார்த்தீங்களா? பத்துக்குப் பத்து ஓகே. போய்க் குத்துங்கம்மா" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கையில் ஆதாரம் இல்லை. இருந்த ஆதாரம் எனக்கு எதிராக இருந்தது. அவர் படித்தவர், நான் கணக்கில் தவறியவள். கால் தானாகவே மேசைப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு அடி வைத்தும்விட்டேன். கர்த்தாவே, என்னை விட்டுவிடாதேயும் என்று உள்ளுக்குள் ஒரே வரிதான் ஜெபம்.

"மாட்டேன் சார்."

"இழுத்தா வரலையே! அப்புறம் எப்படித் தப்புன்னு சொல்றீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில். அதைச் சொல்லாமல் வேறு ஏதாவது சொல்ல முடியுமா என்று ஒரு நிமிஷம் தேடிப் பார்த்தேன். இல்லை.

"நானே செஞ்சிருக்கேன் சார்" என்றேன். "சேர்ந்த புதுசுல, காலிங் பெல் போர்டுல. ஜிக்குக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சேன். அன்னிக்கும் இழுத்தா வரல. சீல் குத்தினேன். ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்தப்புறம் மூட்டையா திரும்பி வந்துச்சு. வயர் மேல பழி போச்சு. நான் வாயத் திறக்கல."

முப்பது வருஷத்துக்கு மேல் நான் மறைத்ததை நாற்பது பேர் நடுவில் நின்று சொன்னேன். தேவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ நீங்க அன்னைக்குப் பண்ண தப்புக்கு இன்னைக்கு நாங்க லேட் ஆகணுமா? ரூமுக்கு வாங்க."

போனேன். தேவி கூப்பிடாமலேயே பின்னால் வந்தாள். அவர் உட்கார்ந்தார். "லாஸ்டா கேக்கறேன். குத்துறீங்களா, இல்லையா?"

கையில் இருந்த சீலை அவர் மேசைமேல் வைத்தேன். வைத்தேன் என்றா சொன்னேன்? அழுத்தியே வைத்தேன். "இந்தாங்க சார். லாட் சரின்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா நீங்களே குத்துங்க. எந்தக் குழந்தைக்குப் போகும்னு நமக்குத் தெரியாது. கார்டுல பதினேழுன்னு மட்டும் இருக்கும்."

அவர் சீலைப் பார்த்தார், தொடவில்லை. தேவியைப் பார்த்தார். "நீ வா. உன் நம்பர் போடு. இருபத்தொண்ணு தானே?"

"நானா? என் நெத்தில ஒரு பொட்டு நிக்க மாட்டேன்து சார், என் சீல் மட்டும் நிக்குமா?" என்றாள் தேவி. "அக்கா குத்தாததுல நான் குத்த மாட்டேன். வோணும்னா என்னையும் வூட்டுக்கு அனுப்பிடு."

எனக்கு அப்போதுதான் நான் லைனில் சொன்னதே காதில் விழுந்தது. மழையும் வெயிலும் பார்த்தப்புறம்! அந்த போர்டும் முதல் நாள் கையில் இழுத்தபோது வரவில்லை. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்ட பிறகுதான் கழன்றது.

"சார், ஒண்ணு மட்டும் கேக்கறேன். நாளைக்குக் காலைல கொஞ்ச நேரம் கொடுங்க. ஒரு பாத்திரத்துல கொதிக்கிற தண்ணி, ஒண்ணுல ஐஸ் தண்ணி. மாத்தி மாத்தி முக்கி எடுத்துட்டு இழுத்துப் பார்க்கலாம். பத்தும் நின்னுச்சுன்னா நானே எல்லாக் கார்டுலயும் குத்தறேன். குத்திட்டு வேலையையும் விட்டுட்டுப் போறேன். கழண்டுச்சுன்னா லாட் போகக் கூடாது."

அவர் யோசித்தார். சீல் இல்லாமல் எப்படியும் கேட்டைத் தாண்டாது. "பதினோரு மணி வரைக்கும் டைம். நீங்க சொன்ன வார்த்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "வேலை போனா போவட்டும். முட்டி போடு, ஜெபம் பண்ணலாம்" என்றார். ஆதாரம் கிடைக்க வேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. எப்படி ஜெபிப்பது? கழன்றால் பீஸ் எல்லாம் குப்பை, நாற்பது பேரின் மூன்று நாள் உழைப்பு. நிற்குமானால் நான் வெளியே. எது நடந்தாலும் பொய் சொல்லாமல் இருக்கப் பெலன் தாரும் என்று மட்டும் கேட்டேன்.

காலையில் கேண்டீனில் டீப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டோம். ஐஸ் தேவி கொண்டுவந்தாள், மீன் கடையில் கெஞ்சி வாங்கினாளாம், பையைத் திறந்தால் அறை முழுக்க அந்த வாடை. ஈயத்தின்மேல் இன்னும் மூடி போடாத பத்து ப்ரோப்பை மேனேஜரே பொறுக்கினார். சுடுதண்ணீரில் ஒரு நிமிஷம், ஐஸில் ஒரு நிமிஷம். தேவி எண்ண, நான் முக்கினேன். அவர் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு அவரை மதிக்கிறேன். வேறு ஒருவராக இருந்தால் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்திருப்பார்.

பத்தேமுக்காலுக்கு இழுக்க ஆரம்பித்தேன். ஒன்று வரவில்லை. இரண்டு, மூன்று வரவில்லை. தேவி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாலாவதை இழுத்தேன். குறடு வெறுமனே பின்னால் வந்தது. வயர் அதன் முனையில் ஈயத்தொப்பியோடு அப்படியே கழன்று வந்திருந்தது. பித்தளைக் கால் துலக்கி வைத்த விளக்குபோல் பளிச்சென்று இருந்தது. ஈயம் தொட்ட தடமே இல்லை.

ஏழாவதும் கழன்றது. பத்தாவதும் கழன்றது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கழன்ற காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புதன்கிழமை அந்த ஒரு அடி வைத்தேனே, இன்னும் நாலு அடி வைத்திருந்தால் இது வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறியிருக்கும்.

மேனேஜர் என் சீலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். ஸ்ப்ரே பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். மேசை, ஜிக், விசிறி என்று இரண்டு நாள் கழுவினோம். கையுறையை எல்லாம் எறிந்தோம். ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் விட்டு, படர்ந்த பிறகுதான் ஈயக் கம்பியைத் தொட்டோம். ஸ்டெயின்லெஸ் பின் வந்து சேரும்வரை சாக்பீஸ். புதிதாகச் செய்த லாட் பத்து நாள் தாமதமாகப் போனது. அடுத்த ஆர்டரும் வந்தது. அதில்தான் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஸ்ப்ரே கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. கதவுக் கீலுக்கு அடியுங்கள், தையல் மெஷினுக்கு அடியுங்கள். ஈயம் வைக்கும் அறைக்குள் அது வரக் கூடாது. யார் வாங்கிவந்து வைத்தாலும் வரக் கூடாது. இரண்டு பின்னுக்கு மேல் ஒட்டுகிறதென்றால் அது பின்னின் குற்றம், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத்தான் வாய். மாற்றித் தரும்வரை சாக்பீஸ் பூசுங்கள், கை வலித்தால் கையை மாற்றிப் பூசுங்கள்.

மெமோ விஷயம் பாக்கி.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். மேலிடத்துக்குத் தாமதத்தைப் பற்றி ஏதாவது எழுதியாக வேண்டுமாம். அதில் இரண்டு குற்றம். ஒன்று, சீல் குத்தச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை. இரண்டு, பழைய லாட்டில் செய்த தவற்றை நிர்வாகத்திடம் மறைத்தேன். கீழே கையெழுத்துப் போட இடம்.

வெளியே தேவி குதித்தாள். "தப்பு லாட்டத் தடுத்ததுக்கு மெமோவா? கிழிச்சி மூஞ்சி மேல போடுக்கா!"

நான் கிழிக்கவில்லை. உள்ளே திரும்பிப் போனேன்.

"சார், இது ரெண்டையும் தனித்தனித் தாள்ல அடிச்சுக் கொடுங்க."

"எதுக்கும்மா?"

"ஒண்ணுதான் நெசமாவே தப்பு."

மேனேஜரே உட்கார்ந்து தனித்தனியாக அடித்துக் கொடுத்தார். கீழ்ப்படியவில்லை என்ற தாளை அவர் பக்கமே தள்ளிவைத்தேன். மறைத்தேன் என்ற தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்து, கையெழுத்துப் போட்டேன். கர்த்தரிடம் மட்டும் கேட்ட மன்னிப்புக்கு அன்றைக்குத்தான் மீதிப் பாதி கிடைத்தது. பையிலிருந்து சீலை எடுத்து, மையில் தோய்த்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் பதினேழு என்று குத்திக் கொடுத்தேன். இரண்டு தாளும் ஆபீஸ் பைலில் இருக்கின்றன. கீழ்ப்படியாத தாளில் கையெழுத்து இடம் இன்னும் காலிதான். ஓய்வுபெறும் நாளில்கூட ஒருதடவை நீட்டிப் பார்த்தார்கள். போடவில்லை.

சீலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது பதினேழு உங்களில் ஒருத்தர் மேசையில் இருக்கிறது. யார் என்று தேவி சொன்னாள், பெயரை இங்கே எழுதவில்லை. ஏழின் கால் தேய்ந்திருக்கும், கொஞ்சம் சாய்த்து அழுத்தினால்தான் விழும். குத்தத் தோன்றாத நாளில் நீ அதை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போ. அவர் மேசையின் வலது ஓரத்தில், கண்ணாடிக்கு வெளியே, மரத்தில் நீலமாக ஒரு வட்டக் கறை தெரியும். எத்தனையோ தடவை தேய்த்துப் பார்த்தார்களாம், போகவில்லையாம். அதற்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.